ஒரு யுவான் தூண்டில்

லோ ஹாய்போ தன் வாழ்நாளில் எடுத்த முடிவுகள் இரண்டே வகை. மனைவி யாச்சின் எடுத்து அவர் தலையாட்டியவை ஒரு வகை. அவரே எடுத்து யாச்சின் மாற்றியவை இன்னொரு வகை. அந்த இலையுதிர் காலத்தில்தான் அவர் துணிந்து மூன்றாவது வகையில் ஒரு முடிவு எடுத்தார். எடுத்ததைச் சாப்பாட்டு மேஜையிலேயே அறிவித்தும் விட்டார்.

"இனிமே நம்ம கிடங்கு மெஷின் சொல்றபடிதான் நடக்கும்."

யாச்சின் சோற்றுக் கிண்ணத்திலிருந்து தலையைத் தூக்கினாள். "இதுவரைக்கும் யாரு சொல்றபடி நடந்துச்சு?"

"நீ சொல்றபடி."

"அதுல என்ன குறை?"

இந்தக் கேள்விக்கு உண்மையான பதில் சொன்ன கணவன் தாதாங் ஊரில் இல்லை. ஹாய்போவும் சொல்லவில்லை. "குறைன்னு யாரு சொன்னா? இரட்டைப் பதினொன்று வருது. ஆர்டர் கொட்டும். எந்தக் காலுறை எந்த அடுக்குலன்னு நீ ஒவ்வொரு பெட்டியாத் துழாவிட்டிருந்தா உன் கை என்ன ஆகும்? உன் கையை நினைச்சாத்தான் எனக்குக் கவலை" என்றார்.

தாதாங்கில் எல்லாருக்கும் காலுறைதான் தொழில். அவர்கள் வீட்டில் கீழ்த்தளம் முழுக்கக் காலுறை, மாடிப்படியில் காலுறை, சோறு வேகிற பானைக்குப் பக்கத்திலும் கணுக்கால் காலுறைப் பெட்டி. முன்னறையில் கைப்பேசியைத் தாங்கியில் நிறுத்தி, நேரலையில் காலுறையை இழுத்து இழுத்துக் காட்டி விற்பது யாச்சின். பின்னால் அதை எடுத்துக் கட்டி அனுப்புவது ஹாய்போ. கடை அவள் பெயரில், இணைய விற்பனைத் தளத்தில் கணக்கு அவள் பெயரில், வீட்டில் குரலும் அவளுடையதுதான். இரட்டைப் பதினொன்று என்கிற நவம்பர் பதினொன்றாம் தேதி பெருவிற்பனை வரைக்கும் ஓர் ஆர்டர்கூடத் தாமதமாகக் கூடாது. தாமதமானால் தளத்துக்காரர்கள் கடையைக் கடைசி வரிசைக்குத் தள்ளிவிடுவார்கள், அந்த வருஷத்து வியாபாரமே படுத்துவிடும். ஆக, கிடங்குக்கு மென்பொருள் வேண்டும் என்று அவர் சொன்னதில் நியாயம் இருந்தது.

நியாயத்துக்குப் பின்னால் ஒரு தூண்டிலும் இருந்தது.

நிஜமாகவே தூண்டில்தான். கறுப்பு நிறத்தில், கார்பன் நாரில் செய்தது. மடக்கினால் முழங்கை நீளம், விரித்தால் ஏரியின் பாதி. வசந்த காலத்தில் யாருக்கும் தெரியாமல் வாங்கி, கம்பளிக் காலுறைப் பெட்டிகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைதோறும் "நூல் ஆலைக்குப் போய்த் தரம் பார்த்துட்டு வர்றேன்" என்று கிளம்பி, அணைக்கட்டுப் பக்கம் போய் உட்காருவார். மீன் மாட்டினாலும் சந்தோஷம், மாட்டாவிட்டால் அதைவிடச் சந்தோஷம். அங்கே யாரும் அவரிடம் எதையும் எடுத்துவரச் சொல்வதில்லை. அந்த வீட்டில் நூறாயிரம் ஜோடி காலுறை இருந்தது. அவருடையது என்று சொல்ல மீன்பிடிச் சாமான் மட்டும்தான், அதிலும் அந்தக் குச்சி. அதை அவர் உயிராக நினைத்தார்.

ஆனால் யாச்சினின் கை துழாவிக்கொண்டே இருந்தது. போன வாரம் கம்பளிக் காலுறை வரைக்கும் வந்துவிட்டது. இன்னும் ஒரு சாண் போனால் தூண்டில். அன்றிரவு முழுக்க ஹாய்போவுக்குத் தூக்கம் இல்லை. மெஷின் வந்துவிட்டால் எந்தப் பொருள் எங்கே என்று திரையே சொல்லிவிடும், அவள் பின்வரிசைக்கு வரவே வேண்டியதில்லை. இதுதான் அவர் திட்டம்.

யாச்சின் யோசித்தாள்.

"சரி, போடு. ஆனா போட்டா ஒழுங்காப் போடணும். எல்லாப் பொருளுக்கும் பார்கோடு ஒட்டு. ஒட்டாத எதுவும் இந்த வீட்டுல இருக்கக்கூடாது. புதன்கிழமை பழைய சாமான்காரனை வரச் சொல்லிடறேன்."

"எல்லாத்துக்குமா?"

"எல்லாத்துக்கும்."

"எனக்கும் ஒட்டணுமா?"

"உன்னை எந்த அடுக்குல வைக்கறதுன்னுதான் யோசிச்சிட்டிருக்கேன்."

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டது இப்படித்தான்.

மென்பொருள் வந்தது. கூடவே ஸ்கேன் துப்பாக்கி, சீட்டு அச்சிடும் பெட்டி, எடை மேடை, கட்டும் மேஜைக்கு மேலே ஒரு காமிரா எல்லாம் வந்தன. நிறுவும்போது திரை ஒவ்வொரு வசதியாகக் கேட்டது. எடையைச் சரிபார்க்கவா? குரலில் எச்சரிக்கவா? வாங்குபவரின் பெயரையும் எண்ணையும் மறைக்கவா? முதலாளிக்கு உடனுக்குடன் தகவல் அனுப்பவா? ஆர்டரை ரத்து செய்ய முதலாளியின் கைவிரல் ரேகை தேவையா? ஹாய்போ வாழ்க்கையில் முதன்முதலாக ஒரு பதவிக்கு வந்திருந்தார். திரையில் 'கிடங்கு மேலாளர் லோ ஹாய்போ' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அந்தப் பெருமையில் கேட்டதற்கெல்லாம் 'சரி' என்று அழுத்தினார். அவருக்குத் தெரிந்த பதிலும் அது ஒன்றுதான்.

செவ்வாய்க்கிழமை மதியம் காலுறை எல்லாம் ஒட்டி முடிந்தது. கை எட்டும் இடத்தில் தூண்டில் மட்டும் பாக்கி. ஒட்டாவிட்டால் நாளைக்குப் பழைய சாமான்காரனோடு போய்விடும். ஒட்டினால் ஏதாவது ஒரு விற்பனை லிங்கோடு சேர்க்கச் சொல்கிறது மெஷின். எந்த லிங்கோடு சேர்ப்பது? சேர்த்தால் யாராவது வாங்கிவிடுவார்களே?

அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை உதித்தது. உதித்தபோது அவரே தன் தொடையில் தட்டிக்கொண்டார்.

எல்லாக் காலுறைக் கடையிலும் ஒரு வெற்று லிங்க் உண்டு. தூரத்து மாகாணத்துக்காரர்கள் தபால் செலவைக் கூடுதலாகக் கட்ட வேண்டி வந்தால், அதற்கென்று ஒரு யுவானில் போட்டுவைக்கிற லிங்க். 'தபால் வித்தியாசம். தனியாக வாங்காதீர்கள். வாங்கினால் எதுவும் வராது' என்று அதன் மேலேயே எழுதியிருக்கும். அதைத் திறந்து பார்ப்பவர் கிடையாது. அதில் சரக்கும் கிடையாது. சரக்கே இல்லாத இடத்தில் ஒன்றை ஒளித்தால் யார் தேடப்போகிறார்கள்?

'உதிரிக் கம்பி' என்று பெயர் கொடுத்து, தூண்டிலை அந்த லிங்கோடு சேர்த்தார். படம் இல்லாமல் பதியாது என்றது மெஷின். சும்மா ஒரு படம் எடுத்துப் போட்டிருக்கலாம். ஆனால் மனசு கேட்க வேண்டுமே! வெள்ளைத் துண்டை விரித்தார். ஜன்னல் வெளிச்சத்தில் தூண்டிலைக் கிடத்தினார். சாய்த்து ஒன்று, நிமிர்த்தி ஒன்று எடுத்துப் பார்த்து, பிடியின் பளபளப்பு நன்றாகத் தெரிந்ததைப் போட்டார். தன் கல்யாணப் படத்துக்குக்கூட அவர் அத்தனை சிரமப்பட்டதில்லை. 'பதிவாயிற்று' என்று மெஷின் சொன்னது. ஹாய்போ நிம்மதியாகத் தேநீர் குடித்தார். அந்த வாரத்தில் அவர் நிம்மதியாகக் குடித்த கடைசித் தேநீர் அது.

புதன்கிழமை காலை பழைய சாமான்காரன் வந்தான். பழைய விசிறி, உடைந்த நாற்காலி, ஹாய்போவின் பள்ளிக்கூடக் கோப்பை எல்லாம் போயின. தூண்டில் போகவில்லை. அவர் உள்ளுக்குள் குதூகலித்துக்கொண்டிருக்கும்போது சீட்டு அச்சிடும் பெட்டி கிர்ரென்று ஒரு சீட்டைத் துப்பியது.

பொருள்: உதிரிக் கம்பி. எண்ணிக்கை: ஒன்று. விலை: ஒரு யுவான்.

ஹாய்போ கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தரம் படித்தார். வாங்கியவர் புனைபெயர் 'கரையோரக் கொக்கு'. நிஜப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் நட்சத்திரம், எண் இருக்க வேண்டிய இடத்திலும் நட்சத்திரம். பக்கத்து மாவட்டத்துப் பார்சல் நிலையத்துக்கு அனுப்பச் சொல்லியிருந்தது. அவசர அவசரமாகக் கடைப் பக்கத்தைத் திறந்து பார்த்தார். கிடங்குக்கென்று எடுத்த படத்தை மெஷின் தானாகவே கடைக்கும் அனுப்பியிருந்தது. 'தபால் வித்தியாசம், ஒரு யுவான்' என்ற தலைப்புக்குக் கீழே, வெள்ளைத் துண்டின் மேல், ஜன்னல் வெளிச்சத்தில் ஜொலித்துக்கொண்டு கிடந்தது அவருடைய தூண்டில்.

சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான்.

ரத்து செய்யலாம் என்று பொத்தானில் விரலை வைத்தார். 'முதலாளியின் கைவிரல் ரேகை தேவை' என்றது திரை. விரலைச் சுட்டுக்கொண்டவர் மாதிரி எடுத்தார். அனுப்பாமல் விட்டால்? நாற்பத்தெட்டு மணி நேரம் தாண்டினால் அபராதம், பெருவிற்பனை போச்சு. யாச்சின் காரணம் கேட்பாள். ஒரே வழிதான் பாக்கி. வாங்கிய ஆளே மனமிரங்கி ரத்து செய்ய வேண்டும்.

கடையின் உரையாடல் பெட்டியைத் திறந்தார். இந்தத் தொழிலில் ஒரு மரியாதை உண்டு. எதிரில் இருப்பவர் லாரி ஓட்டுநரானாலும் சரி, தொண்ணூறு வயதுத் தாத்தாவானாலும் சரி, 'அன்பே' என்றுதான் கூப்பிட வேண்டும்.

"வணக்கம், அன்பே. அந்த லிங்க் தபால் செலவுக்கு மட்டும், அன்பே. தயவுசெஞ்சு ரத்து பண்ணிடுங்க, அன்பே."

பதில் உடனே வந்தது. "படத்துல தூண்டில் இருக்கே?"

"படம் தவறுதலா வந்துடுச்சு, அன்பே."

"தவறுதலா வந்த படத்துக்கு வெள்ளைத் துண்டெல்லாம் விரிச்சிருக்கீங்க?"

"அது... வழக்கமா எல்லாத்துக்கும் விரிப்போம், அன்பே."

"உங்க கடைக் காலுறையெல்லாம் வெறும் தரையில கிடக்கு. இதுக்கு மட்டும் துண்டா?"

ஹாய்போ நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "அன்பே, ரத்து பண்ணினா உங்களுக்குப் பத்து ஜோடி காலுறை இலவசமா அனுப்பறோம்."

"மீனுக்குக் கால் இல்லையே, அன்பே."

"இருபது ஜோடி!"

"உங்க கிடங்குல தூண்டில் இருக்கா, இல்லையா? இல்லேன்னா பொய் விளம்பரம்னு புகார் போடறேன். இருந்தா அனுப்புங்க."

"இருக்கு, அன்பே. ஆனா அது ஒருத்தரோட சொந்தப் பொருள், அன்பே."

"யாரோடது?"

ஹாய்போவின் விரல் அந்தரத்தில் நின்றது. கடை உரையாடலை யாச்சின் எப்போதாவது புரட்டிப் பார்ப்பது உண்டு. 'என்னுடையது' என்று எழுதினால் அவர் கதை முடிந்தது. "நிர்வாகத்தோடது, அன்பே" என்று எழுதினார்.

"அப்படியா? உங்க முதலாளியம்மாவையே கேட்டுடட்டுமா?"

"வேண்டாம், அன்பே! அன்பே, வேண்டாம்! அனுப்பிடறேன், அன்பே!"

முன்னறையிலிருந்து யாச்சின் சிரிக்கிற சத்தம் கேட்டது. சாதாரணச் சிரிப்பு இல்லை. மூச்சு வாங்குகிற சிரிப்பு.

"என்ன சிரிப்பு?" என்று ஹாய்போ எரிச்சலோடு கத்தினார்.

"ஒண்ணுமில்ல. ஒரு வீடியோ. ஒரு ஆளு சேத்துல வழுக்கி வழுக்கி விழறான், எழுந்திருக்கவே முடியல, பாவம்."

இங்கே ஒருவன் குடி முழுகிக்கொண்டிருக்கிறது, அவளுக்குச் சேற்றில் விழுகிறவன் வேடிக்கை.

அப்படி ஒரேயடியாக விட்டுக்கொடுக்கவும் அவருக்கு மனசில்லை. மூலையில் தரை துடைக்கிற கட்டை நின்றுகொண்டிருந்தது. அதுவும் நீளம்தான், அதுவும் கம்பிதான். தூண்டில் உறையிலிருந்த பார்கோடை நைசாக உரித்துக் கட்டையின் கழுத்தில் ஒட்டினார். துப்பாக்கியால் சுட்டார். பீப் என்றது. ஏற்றுக்கொண்டுவிட்டது! மெஷினை ஏமாற்றிய முதல் மனிதன் தான்தான் என்று நெஞ்சை நிமிர்த்தி, கட்டையை எடை மேடையில் வைத்தார்.

"எடை பொருந்தவில்லை!" என்று மெஷின் ஒரு பெண் குரலில் அலறியது. "எடை பொருந்தவில்லை! எடை பொருந்தவில்லை!"

"ஸ்ஸ்! ஏ! வாயை மூடு!" ஹாய்போ அதன் வாயைத் தேடினார். தெருவுக்கே கேட்கிற மாதிரி அது கத்திக்கொண்டே இருந்தது. வாசலில் யாச்சின் வந்து நின்றாள்.

"என்ன பார்சல் அது?"

"உ... உதிரிக் கம்பி."

"உதிரிக் கம்பிக்குக்கூட ஆர்டர் வருதா?"

"உலகத்துல எல்லா மாதிரி ஜனமும் இருக்கு."

"கையில என்ன, தரை துடைக்கிற கட்டை?"

"சும்மா... தரையைத் துடைக்கலாம்னு..."

யாச்சினின் முகம் மலர்ந்தது. "அடேயப்பா! கல்யாணமாகி இத்தனை வருஷத்துல இன்னிக்குத்தான் உனக்குத் தோணியிருக்கு. நடுவுல தடுப்பானேன்? துடை. மாடியையும் சேத்துத் துடைச்சிடு. அடுப்புக்குக் கீழே எண்ணெய்ப் பிசுக்கா இருக்கு, அதையும் பார்த்துக்கோ."

அவர் குனிந்து துடைத்தார். மாடியைத் துடைத்தார். அடுப்புக்குக் கீழே தலையை விட்டுப் பிசுக்கைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது கைப்பேசி சிணுங்கியது. கரையோரக் கொக்கு.

"பார்சல் கட்டற வீடியோ அனுப்புங்க, அன்பே. உள்ள துடைப்பக்கட்டையை வெச்சு ஏமாத்தற கடையெல்லாம் இருக்காம்."

இந்தக் கொக்கு மனுஷன்தானா, இல்லை பேயா? அதற்கு மேல் அவரால் போராட முடியவில்லை. இடுப்பு ஒரு பக்கம் விட்டுப்போயிருந்தது.

காமிராவுக்குக் கீழே நின்று தூண்டிலைக் கட்டினார். குமிழ்த் தாளை ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்று சுற்று சுற்றினார். நெகிழிக் குழாய்க்குள் நுழைத்து, இரண்டு முனையிலும் கம்பளிக் காலுறையைத் திணித்து அடைத்தார். குளிருமோ என்னமோ! மேலே 'உடையும் பொருள்' என்று எழுதினார். உடைந்தது அவர் மனசு.

மதியத்துக்கு மேல் கூரியர் சியாங் அக்கா தன் மூன்று சக்கர வண்டியோடு வந்தாள். நாற்பது வருஷமாக ஊரையே அதட்டிப் பழகிய குரல் அவளுக்கு.

"அக்கா, இந்த ஒரு பார்சல் மட்டும் கொஞ்சம் மெதுவாப் போனாலும் பரவாயில்லை."

"பரவாயில்லையா? போன வாரம் அரை மணி தாமதத்துக்கு என்னைக் கடிச்சுக் குதறினது நீதானே?"

"அது வேற, இது வேற. வழியில எங்கேயாவது... தவறிப் போனாக்கூட நான் புகார் பண்ண மாட்டேன்."

சியாங் அக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். "யாருகிட்டப் பேசற? உயிர் நண்டுக் கூடையையே ஒரு நண்டு குறையாமக் கொண்டு சேர்த்தவ நான். வழியில அவிழ்த்துக்கிட்டு ஓடினதைக்கூடத் துரத்திப் பிடிச்சிருக்கேன். என் கையில தவறுமா? கொடு இப்படி!" என்று குழாயைப் பிடுங்கி வண்டிக்குள் எறிந்தாள். எறிந்த சத்தத்தில் ஹாய்போவுக்கு நெஞ்சு வலித்தது.

அதற்குப் பிறகு அவர் மனிதராக இல்லை. ஐந்து நிமிஷத்துக்கு ஒருதரம் கைப்பேசியைப் பார்த்தார். 'பார்சல் பிரிக்கும் மையத்தை அடைந்தது.' பிரிக்கும் மையமா? எவனாவது நிஜமாகவே பிரித்துவிடப் போகிறான்! 'பார்சல் புறப்பட்டது.' ஐயோ, மேலே என்னென்ன மூட்டையை அடுக்கியிருக்கிறார்களோ! யாச்சினுக்கு இன்னும் தெரியாது என்ற ஆறுதல் ஒரு பக்கம், தெரிந்துவிட்டால் என்ற நடுக்கம் ஒரு பக்கம். சோறு இறங்கவில்லை. அவளோ அந்த வாரம் பார்த்து சோயா விட்டு முழு மீனை வதக்கி, அவருக்கு எதிரில் வைத்தாள்.

"சாப்பிடு. மீன்னா உனக்கு உயிராச்சே."

"பசிக்கல."

"முகமே சரியில்லையே. நூல் ஆலையில ஏதாவது பிரச்சினையா?"

"இல்ல, இல்ல! ஆலையெல்லாம் நல்லா ஓடுது."

"ஓடட்டும்" என்று சொல்லிவிட்டு யாச்சின் மீனின் கன்னத்துச் சதையை எடுத்து அவர் சோற்றின் மேல் வைத்தாள். அந்த மீன் வெள்ளைக் கண்ணால் அவரையே பார்த்தது.

வெள்ளிக்கிழமை 'பெற்றுக்கொள்ளப்பட்டது' என்று வந்தது. ஹாய்போ சற்று நேரம் காலுறை மூட்டை மேல் படுத்துக் கிடந்தார். பிறகு சட்டென்று எழுந்து உட்கார்ந்தார். ஏழு நாள்! வாங்கிய எதையும் ஏழு நாளைக்குள் காரணம் சொல்லாமல் திருப்பி அனுப்பலாமே! அந்த விதியை வருஷக்கணக்காகக் காலையிலும் மாலையிலும் திட்டியவர் அவர். காலுறையைக் கல்யாணத்துக்குப் போட்டுவிட்டுத் திருப்பி அனுப்பியவர்களை எல்லாம் சபித்தவர். இப்போது அந்த விதிக்குக் கையெடுத்துக் கும்பிடு போட்டார். கொக்குக்கு அது கனமாக இருக்கட்டும், வழுக்கட்டும், பிடிக்காமல் போகட்டும்!

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. திருப்பி அனுப்பும் கோரிக்கை வரவில்லை.

"இன்னிக்கு நூல் ஆலைக்குக் கிளம்பலையா?" என்றாள் யாச்சின்.

தூண்டில் இல்லாமல் அணைக்கட்டில் போய் என்ன செய்வது? கையை விட்டா மீன் பிடிக்க முடியும்? "வேண்டாம். நூல் நல்லாத்தான் இருக்கும்" என்றார் ஹாய்போ.

"அப்ப வண்டியை எடு. அப்பாவைப் பார்த்து எவ்வளவு நாளாச்சு. எப்பக் கூப்பிட்டாலும் ஆலை, ஆலைன்னு ஓடுவே."

யாச்சினின் அப்பா பக்கத்து மாவட்டத்தில் தனியாக இருந்தார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றும் ஹாரன் அடிக்கிற மாதிரிதான் பேசுவார். வீடு பூட்டியிருந்தது. "குளத்துப் பக்கம் போயிருப்பார்" என்று யாச்சின் முன்னால் நடந்தாள். ஹாய்போ பின்னால் நடந்தார். குளக்கரை தெரிந்தது. கரையில் ஒரு கல்லின் மேல் மாமனார் தெரிந்தார். மாமனார் கையில்...

அத்தனை தூரத்திலிருந்து அவர் யாரையும் அடையாளம் கண்டதில்லை. அதைக் கண்டுகொண்டார். கறுப்புத் தண்டு, பிடியில் அந்தப் பளபளப்பு.

"வா, வா, மாப்பிள்ளை!" என்று குளம் அதிரக் கூப்பிட்டார் மாமனார். "இதைப் பாரு! யாச்சின் வாங்கி அனுப்பியிருக்கா. எவ்வளவு தெரியுமா? ஒரே ஒரு யுவானாம்! நம்ப முடியுதா?"

"நம்பவே முடியலப்பா" என்றார் ஹாய்போ.

"கட்டியிருந்தான் பாரு ஒரு கட்டு! பிரிக்கறதுக்குள்ள எனக்குப் போதும் போதும்னு ஆயிடுச்சு. ரெண்டு பக்கமும் கம்பளிக் காலுறை வேற வெச்சிருந்தான். இந்தா, போட்டிருக்கேன். யாரோ நல்ல மனுஷன். நல்லா இருக்கணும்!"

நல்ல மனுஷன் மாமனார் காலில் தன் காலுறையைப் பார்த்தார். ஆனாலும் கடைசியாக ஒரு முயற்சி செய்தார். "அப்பா, ஒரு யுவான் பொருளை நம்பாதீங்க. படக்குனு உடைஞ்சு கண்ணைக் குத்திடும். ஏழு நாளைக்குள்ள திருப்பி அனுப்பிடலாம். நீங்க சிரமப்பட வேண்டாம், இப்பவே நான் எடுத்துட்டுப் போய்..."

"உடையறதா?" மாமனார் பக்கத்திலிருந்த வாளியைக் காலால் நகர்த்திக் காட்டினார். உள்ளே ஒரு கெண்டை, வாளிக்குள் வளைந்துதான் கிடக்க முடிந்தது. "இன்னிக்குக் காலையில புடிச்சது. வில்லு மாதிரி வளைஞ்சுது, அசையலையே! இதைப் போயித் திருப்புவாங்களா, பைத்தியக்காரா?"

அணைக்கட்டில் அத்தனை ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தும் அதில் பாதி அளவு மீன்கூட ஹாய்போவுக்கு மாட்டியதில்லை. தூண்டிலே தன்னைக் காட்டிக்கொடுத்துவிட்ட மாதிரி இருந்தது அவருக்கு. மாமனார் மிதவையைப் பார்க்கத் திரும்பியதும், அவர் யாச்சினின் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப் போனார்.

"கரையோரக் கொக்கு நீதானா?"

"யாரு கொக்கு? ஓ, நீ வரிக்கு வரி 'அன்பே, அன்பே'ன்னு உருகினியே, அவளா?"

"உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"புதுப் பொருள் ஏதாவது பதிஞ்சா முதலாளிக்குப் படத்தோட தகவல் போகணும்னு 'சரி' அழுத்தினது யாரு?"

ஹாய்போ தன் ஆள்காட்டி விரலைப் பார்த்துக்கொண்டார்.

"நேரலையில பேசிட்டிருக்கேன், பாதியில கைப்பேசியில வந்து நிக்குது, வெள்ளைத் துண்டும் தூண்டிலுமா. உதிரிக் கம்பியாம்!"

"யாச்சின், அது வந்து... அது என்..."

"உன்?"

அவள் புருவத்தை உயர்த்திக்கொண்டு காத்திருந்தாள். 'என்னுடையது' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த வார்த்தையைத் தொடர்ந்து எப்போது வாங்கினாய், எதற்கு வாங்கினாய், ஞாயிற்றுக்கிழமை எங்கே போனாய் என்று ஒவ்வொன்றாக வரும். திருடனுக்குத் தேள் கொட்டினால் வாய்விட்டு அலற முடியுமா?

"...என் அடுக்குக்கு வேண்டிய கம்பி" என்றார் ஹாய்போ.

"ஆமாமா. நூல் ஆலைக்கும் அந்தக் கம்பியோடதானே போவே? ஒரு சேதி சொல்றேன், கேட்டுக்கோ. அந்த ஆலையைப் போன வருஷமே இழுத்து மூடி, கேட்டுல பூட்டுத் தொங்குது. நூலை நான்தான் வேற இடத்துல எடுத்திட்டிருக்கேன்." அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. "மீன் பிடிக்கணும்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா வேண்டாம்னா சொல்லப்போறேன்? நானே வாங்கிக் கொடுத்திருப்பேன். அப்பாவும் இங்க தனியாத்தான் உக்காந்திருக்கார். துணைக்கு ஒரு ஆளாச்சு. நீ என்னைக் கேட்கல, மெஷினைக் கேட்டே."

ஹாய்போவுக்கு வெட்கமாக இருந்தது. நிஜமாகவே வெட்கமாக இருந்தது. எதிரே குளத்தில் மிதவை ஆடியது, அவர் கை தானாகவே தூண்டிலைப் பிடிக்கிற மாதிரி மடங்கியது. பிடிக்கத்தான் எதுவும் இல்லை.

"ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை இங்க வந்துடறேன்" என்றார் மெதுவாக. "அப்பா ஓய்ஞ்ச நேரத்துல நான் கொஞ்சம் பிடிச்சுக்கலாமா?"

"வாளியைத்தானே? தாராளமாப் பிடி."

அதற்குள் மாமனார் இடுப்பைப் பிடித்துக்கொண்டு முனகினார். "எல்லாம் சரி. இந்தக் கல்லுலதான் உட்கார முடியல. முதுகு புடுங்குது."

"இன்னும் ரெண்டு நாள் பொறுத்துக்குங்கப்பா" என்றாள் யாச்சின். "மடக்கு நாற்காலி ஒண்ணு வருது. சாஞ்சுக்கலாம். குடை மாட்டற வசதிகூட இருக்கு."

ஹாய்போவின் காது சூடாயிற்று. குடை மாட்டுகிற வசதியுள்ள மடக்கு நாற்காலி. கிழிந்த கூரியர் மூட்டைகளுக்கு அடியில், பார்கோடு இல்லாமல், பழைய சாமான்காரன் கண்ணுக்கும் தப்பி, உலகத்தில் ஒரு ஜீவனுக்கும் தெரியாமல், தூண்டிலோடு சேர்த்து அவர் வாங்கி ஒளித்த நாற்காலி! அவர் வாயைத் திறப்பதற்குள் சட்டைப் பையில் கைப்பேசி சிணுங்கியது. எடுத்துப் பார்த்தார்.

'தபால் வித்தியாசம்', ஒரு யுவான். வெள்ளைத் துண்டின் மேல், அவர் எடுக்காத ஒரு படத்தில், அவருடைய நாற்காலி.

யாச்சின் தன் கைப்பேசியைக் கைப்பைக்குள் போட்டு மூடினாள். "என்னைப் பார்த்துட்டு நின்னா எப்படி? ஆர்டர் வந்திருக்குல்ல, பதில் போடு, அன்பே."